அம்மாவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை: பாங்காக்கிலிருந்து சச்செங்சாவுக்குச் சுற்றுலா ரயிலா, சாதாரண ரயிலா?

காவிரிக்கரை கேட்கிறார்:

வணக்கம். ஜனவரியில் அலுவலக வேலையாகப் பாங்காக் வருகிறேன். இந்த முறை அம்மாவையும் அழைத்து வருகிறேன். வேலை சனிக்கிழமையோடு முடிந்துவிடும். ஞாயிறு முழுவதும் எங்களுக்கு. திங்கள் காலை விமானம்.

அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு. சமதரையில் நிதானமாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். முட்டைகூடத் தொடாத சைவம். பெரிய பெரிய கடைகளைச் சுற்றிப் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. "ஒரு ஆறு, ஒரு கோயில், ஒரு சந்தை இருந்தால் போதும். அதுவும் ரயிலில் போய்வந்தால் இன்னும் நல்லது" என்கிறார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மாவின் பாதி வாழ்க்கை ரயில்வே குடியிருப்புகளில்தான் கழிந்தது.

தேடிப் பார்த்ததில், தாய்லாந்து ரயில்வே வார இறுதிகளில் ஒருநாள் சுற்றுலா ரயில்கள் விடுகிறது என்றும், அவற்றில் சில சச்செங்சாவ் என்ற ஊருக்குப் போகின்றன என்றும் தெரிந்தது. ஆற்றங்கரைக் கோயிலும் நூற்றாண்டுச் சந்தையும் படுத்திருக்கும் பிரம்மாண்டமான பிள்ளையாரும் அங்கே இருப்பதாகப் படித்தேன். பிள்ளையார் என்றதும் அம்மா அந்த ஊரை விடுவதாக இல்லை.

சுற்றுலா ரயிலில் பதிவு செய்வதா, சாதாரண ரயிலில் நாங்களே போய்வருவதா? அம்மாவால் முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சீலோம்வாசி எழுதுகிறார்:

உங்கள் அம்மா கேட்ட மூன்றுக்கும் பாங்காக்கைச் சுற்றி இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நான் பல ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறேன். ஊரிலிருந்து பெரியவர்கள் யார் வந்தாலும், சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு அடுத்தபடியாக நான் கூட்டிப்போவது சச்செங்சாவுக்குத்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண ரயிலில் போங்கள். சுற்றுலா ரயிலில் குறை ஒன்றும் இல்லை: குளிர்சாதனம், சாயும் இருக்கை, இறங்கியதும் காத்திருக்கும் பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். நான்கு பேர் சேர்ந்து உல்லாசமாகப் போக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சாப்பாடு எல்லோருக்கும் பொதுவானது. மீன் சாறு படாத ஒரு கிண்ணம் அதில் கிடைப்பது அரிது. ஒவ்வோர் இடத்திலும் இத்தனை மணிக்குப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. முழங்கால் வலிக்கிறவர் ஒரு நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க விரும்புவார். அந்த அரைமணி நேரம் பயணத் திட்டத்தில் இருக்காது. மேலும் அந்த ரயில் எல்லா வாரமும் சச்செங்சாவுக்கே போவதில்லை. ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

சாதாரண ரயில் ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. நீல வழித்தட மெட்ரோவில் வந்தால் நிலையத்துக்குக் கீழேயே இறங்கலாம். 61 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் 13 பாத். மின்விசிறி, திறந்த சன்னல், எதிரெதிர் இருக்கைகள். முன்பதிவு கிடையாது. நடுவழியில் அசோக் நிறுத்தம் உங்கள் ஓட்டலுக்குப் பக்கமாக இருந்தாலும் அங்கே ஏறாதீர்கள். ரயில் புறப்படும் இடத்திலேயே ஏறினால்தான் அம்மாவுக்குச் சன்னலோரம் நிச்சயம். சிறிய நிறுத்தங்களில் நடைமேடை தாழ்வாக இருப்பதால் பெட்டியின் படிகளும் உயரமாக இருக்கும். ரயில் கிழக்கு நோக்கிப் போகிறது. ஜனவரி காலை வெயில் வலப்பக்கம் விழும், இடப்பக்கம் உட்காருங்கள்.

ஏழு மணிக்குச் சற்று முன் ஒரு வண்டியும் எட்டு மணி அளவில் ஒன்றும் உண்டு. முந்தியதைப் பிடியுங்கள். ஞாயிறன்று அது ஓடுகிறதா என்பதையும் நேரத்தையும் முதல்நாள் நிலையத்திலோ 1690 என்ற ரயில்வே எண்ணிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டு மணி வண்டிக்கு நின்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சரியாக எட்டுக்கு நாட்டுப்பண் ஒலிக்கும், நிலையத்தில் உள்ள அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே எழுந்து அசையாமல் நிற்பார்கள். நாமும் நிற்க வேண்டும்.

மக்கசான் தாண்டியதும் விமான நிலைய ரயிலின் உயரமான பாதை வெகுதூரம் கூடவே வரும். லாட் கிரபாங், ஹுவா தக்கே கடந்தபின் தான் வெளி திறக்கும். வாய்க்கால், மீன் குட்டை, வயல், மறுபடியும் வாய்க்கால். கூடையில் வறுகடலையும் குளிர்ந்த தண்ணீரும் விற்பவர்கள் பெட்டி பெட்டியாக வருவார்கள். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் பழகிய உலகம்தான். ஊர்ப் பெயரை உள்ளூர்க்காரர்கள் "பேட் ரியு" என்றும் சொல்வார்கள். அது காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே ஊர்.

இறங்கியதும் நிலைய வாசலிலேயே ஒரு காரைப் பேசிக்கொண்டு நேராக வாட் சமான் ரத்தனாராம் போய்விடுங்கள். ஊருக்கு வெளியே, பாங் பக்கோங் ஆற்றின் கரையில் இருக்கும் கோயில். அங்கேதான் நீங்கள் படித்த பிள்ளையார். 16 மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம், இளஞ்சிவப்பு நிறம். ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு சாய்ந்து படுத்திருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதால்தான் இதை முதலில் வைக்கச் சொல்கிறேன், முன்னால் இருப்பது திறந்த வெளி.

அவரைச் சுற்றி மூஞ்சூறு சிலைகள் இருக்கின்றன. இங்கே ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு: திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா, ஞாயிறு சிவப்பு. பிறந்த கிழமைக்குரிய மூஞ்சூறிடம் போய், அதன் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதில் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். பொத்தாவிட்டால் சொன்னது அந்தப் பக்கமாக வெளியே போய்விடுமாம். அம்மாவின் பிறந்த கிழமையை ஜாதகத்தில் பார்த்து வைத்துக்கொண்டு வாருங்கள். என் மாமியார் காதோடு காதாக அவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்தியில் வரும் தாய்லாந்துக்காரர்களைப் பாருங்கள். கணினி நிறுவன ஊழியர், கல்லூரி மாணவி, நாட்டியக்காரர் எல்லோரும் வருவார்கள். கலைகளுக்கும் தொடங்கும் காரியங்களுக்கும் இவர்தான் துணை என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நம்முடையதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நேரில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

அங்கிருந்து அதே காரில் வாட் சோதோன். இந்த ஊரின் உயிர் இந்தக் கோயில்தான். லுவாங் போ சோதோன் என்ற புத்தர் ஆற்றில் மிதந்து வந்தவர் என்பது ஐதிகம். அண்ணன் தம்பிகளாக மூன்று சிலைகள் மிதந்து வந்தன. ஒன்று இங்கே கரையேறியது, ஒன்று பாங் ப்லியில், ஒன்று மேக்லோங்கில். ஊரார் கயிறு கட்டி இழுத்தும் வராத சிலை, பூசை செய்து வேண்டிக்கொண்ட பின்பு வந்தது என்று கதை போகும். நம் ஊர்த் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது.

புதிய பெரிய மண்டபம் வெள்ளைச் சலவைக்கல். உச்சியிலுள்ள ஐந்தடுக்குக் குடை 77 கிலோ தங்கம். உள்ளே போனால் தரையைப் பாருங்கள், கடல்வாழ் உயிர்கள் கல்லில் இழைக்கப்பட்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் விண்மீன்கள். தங்க ரேக்கு ஒட்டுவது மூலச் சிலைக்கு அல்ல. பக்கத்துக் கூடத்தில் அதன் பிரதிகள் இருக்கின்றன. பூ, ஊதுபத்தி, மெழுகுவத்தியோடு சிறு தாளில் வைத்த ரேக்கும் சேர்த்துத் தருவார்கள். வலிக்கிற உறுப்பு எதுவோ, சிலையில் அதே இடத்தில் ரேக்கை ஒட்டி வேண்டிக்கொள்பவர்கள் உண்டு. அம்மா முழங்காலில் ஒட்டட்டும்.

ஒன்றை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே நேர்த்திக்கடன் அவித்த முட்டை. நூறு, ஐந்நூறு என்று தட்டுத்தட்டாக அடுக்கிப் படைப்பார்கள். முட்டைகூடத் தொடாதவர் திடீரென்று கோயிலுக்குள் அதைப் பார்த்தால் மனம் சுளிக்கக்கூடும். இன்னொரு நேர்த்திக்கடன் நடனம். வேண்டுதல் பலித்தவர் பணம் கட்டினால், கிரீடம் அணிந்த பெண்கள் இசையோடு ஆடுவார்கள். அதை நின்று பாருங்கள். ஆடுபவர்களுக்குப் பின்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையும் பாருங்கள்.

அதன்பின் ஆறு. வார இறுதியில் கோயில் படித்துறையிலிருந்து பான் மாய் சந்தைக்குப் படகு போகிறது. கடலின் ஏற்றவற்றம் இந்த ஆற்றில் ஊருக்குள்ளும் தெரியும், அதனால் நீர்மட்டம் நேரத்துக்கு நேரம் மாறும். படகில் கால் வைக்கும் உயரம் அம்மாவுக்கு ஒத்துவருமா என்று முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் காரிலேயே போய்விடலாம், தூரம் குறைவுதான். ஒத்துவந்தால் படகை விடாதீர்கள். இரு கரையிலும் நீர்த்தென்னை அடர்ந்து நிற்கும், ஆற்றை நோக்கித் திண்ணை வைத்த மரவீடுகள் வரும்.

பான் மாய் சந்தை, நூறு ஆண்டைத் தாண்டிய மரக்கடைகளின் வரிசை. சீனக் குடும்பங்கள் தலைமுறையாக நடத்துகிறார்கள். பலகைத் தரை, கூரை வேய்ந்த நடைபாதை. வெயிலும் இல்லை, பெரிய படிகளும் இல்லை. ஆற்றைப் பார்த்த ஒரு மேசையில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வாங்கி வாருங்கள். மாலை வரை அவர் அங்கேயே இருந்தாலும் நாள் வீணாகாது. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். சந்தைக்குப் பக்கத்திலேயே வாட் சின் என்ற சீனக் கோயிலும் உண்டு. கால் ஒத்துழைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

சாப்பாடு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "เจ" என்று இருக்கும் கடைதான் உங்களுக்கு. அந்த உருவத்தைக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஜே" என்றால் முட்டை, பால், மீன் சாறு எதுவும் இல்லை. வெங்காயம், பூண்டும் இல்லை. வெறுமனே சைவம் என்று சொன்னால் இங்கே முட்டை வந்துவிடும். காய்கறிப் பொரியல் என்று நம்பி வாங்குவதிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், இறால் விழுதும் சேர்ந்திருக்கும். எனவே சந்தையில் தைரியமாக வாங்கக்கூடியவை இனிப்புகளும் பழங்களும்தான். நீர்த்தென்னை ஓலையில் மடித்துச் சுட்ட தேங்காய் இனிப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும், வறுத்த வாழைப்பழம். இந்த மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. நல்ல பருவம் மார்ச் முதல் மே வரை. வயிறு நிறைய ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு, ஓட்டலிலிருந்து தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ரயிலில் பிரித்துச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

சீனப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் வராதீர்கள். வாட் சோதோனில் கால் வைக்க இடம் இருக்காது.

மீட்டர்கேஜ் எழுதுகிறார்:

சீலோம்வாசி சொன்ன வரிசைக்கு மறுப்பில்லை. ஆனால் சுற்றுலா ரயிலை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அப்பா ரயில்வேக்காரர் என்றதால் எழுதுகிறேன்.

அந்த வண்டியின் பெயர் கிஹா 183. ஜப்பானில் ஹொக்கைடோ பனியில் ஓடிய டீசல் ரயில். ஓய்வுபெற்ற 17 பெட்டிகளை ஹொக்கைடோ ரயில்வே தாய்லாந்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 2021 இறுதியில் கப்பலில் வந்தன. ஜப்பானியப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர், தாய்லாந்தில் 1,000. மக்கசான் பணிமனையில் சக்கரங்களை நெருக்கி அமைத்து, 2022 முதல் ஓட்டுகிறார்கள். மக்கசான் உங்கள் வழியிலேயே வருகிறது.

1,000 மில்லிமீட்டர் என்றால் நம் பழைய மீட்டர் கேஜ்தான். எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகளின் ஆட்டமும் தாளமும் நினைவிருக்கிறவர்களுக்கு, உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் உடம்பே அடையாளம் கண்டுகொள்ளும். உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் அந்தத் தாளம் குளிர்சாதனப் பெட்டியின் மூடிய கண்ணாடிக்குள் பாதிதான் கேட்கும். இந்த ஒரு காரணத்துக்காக நானும் கடைசியில் 13 பாத் டிக்கெட்டின் பக்கம்தான் சாய்வேன்! போகும்போது சாதாரண வண்டியில் போய், களைத்துவிட்டால் திரும்பும்போது மட்டும் காரில் வந்துவிடலாம் என்பது என் யோசனை.

இன்னொரு செய்தி. ஆகஸ்ட் 12 விடுமுறையில் ஹுவா லம்போங்கிலிருந்து இதே சச்செங்சாவுக்கு நீராவி ரயில் விடுவது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் கட்டிய 824, 850 எண் கொண்ட 'பசிபிக்' வகை எஞ்சின்கள் அதை இழுக்கும். சச்செங்சாவ் பாதை 1908இல் திறந்தது, ஹுவா லம்போங் கட்டடம் 1916இல். நூறு வயதைக் கடந்தும் இரண்டும் இன்னும் உழைக்கின்றன. ஜனவரியில் வருபவருக்கு இது உதவாது, வேறு யாராவது படிக்கக்கூடும் என்று எழுதி வைக்கிறேன்.

நிலையத்தை மாற்றிப் போய்விடாதீர்கள். 2023 ஜனவரி 19 முதல் வடக்கு, வடகிழக்கு, தெற்கு நோக்கிப் போகும் நெடுந்தூர ரயில்கள் பாங் சூ பகுதியிலுள்ள புதிய முனையத்துக்குப் போய்விட்டன. கிழக்குப் பாதைச் சாதாரண வண்டிகள் இன்னும் பழைய ஹுவா லம்போங்கிலிருந்துதான்.

ஈப்போ மகன் எழுதுகிறார்:

வார இறுதிச் சுற்றுலா ரயில் என்றால் காஞ்சனபுரி வண்டியையும் சொல்ல வேண்டும். அதிகாலையில் ஹுவா லம்போங்கில் புறப்பட்டு, நக்கோன் பத்தோமில் பெரிய புத்த தூபியைப் பார்க்க முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பிறகு குவாய் ஆற்றுப் பாலம், அதற்கப்பால் நாம் தோக் வரை போய்த் திரும்பும்.

அந்தப் பாதை எங்களுக்கு வெறும் சுற்றுலா இல்லை. ஜப்பானிய இராணுவம் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் அது. 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கித்தா (ரப்பர்) தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,982 போர்க் கைதிகளுக்குப் பெயரோ அடையாளமோ பொறித்த இடம் இருக்கிறது. காலராவில் விழுந்த எங்கள் ஆட்களுக்கு அப்படி வரிசையான கல் இல்லை. பாங்காக் வரும் ஒவ்வொரு தமிழரும் ஒருமுறையாவது அந்த ரயிலில் போய்ப் பூப்போட்டு வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

சீலோம்வாசி எழுதுகிறார்:

ஈப்போ மகன் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் காவிரிக்கரை, ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு அம்மாவை அங்கே கூட்டிப்போகாதீர்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் பயணம் அது, முழங்கால் தாங்காது. அந்த இடத்துக்கும் அவசரமாகப் போய்வரும் மனநிலை பொருந்தாது. காஞ்சனபுரியில் ஓர் இரவு தங்கும்படி தனியாக வாருங்கள்.

மீட்டர்கேஜ் ஐயா, திரும்பும்போது கார் என்ற யோசனை நல்லது. அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

காவிரிக்கரை எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீட்டர் கேஜ் என்றதும் விருத்தாசலத்தில் இருந்த காலத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார். சாதாரண ரயில் என்று முடிவாகிவிட்டது. பிறந்த கிழமை வியாழன், ஆரஞ்சு மூஞ்சூறு.

முட்டை விஷயத்தில் அவருக்கு வருத்தமில்லை, "அவரவர் சாமிக்கு அவரவர் படையல்" என்றார். ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாதாம். நாம் என்ன கொண்டுபோகலாம்? பிள்ளையாருக்கு அறுகம்புல் கிடைக்குமா? சேலை கட்டிக்கொண்டு வரலாமா?

சீலோம்வாசி எழுதுகிறார்:

சேலை மிகவும் பொருத்தம். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். செருப்பைக் கழற்றி மாட்டக் குனியத் தேவையில்லாதபடி பட்டை இல்லாத செருப்பாக இருக்கட்டும், பல இடங்களில் கழற்ற வேண்டும். சன்னதியில் உட்காரும்போது கால் நீட்டினால் பாதம் புத்தரைப் பார்த்துவிடும். தரையில் உட்கார முடியாவிட்டால் ஓரமாக நின்று கும்பிட்டால் போதும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பிட்சுகளைப் பெண்கள் தொடக்கூடாது, கையில் நேரடியாக எதையும் கொடுக்கக்கூடாது. நெரிசலில் அம்மாவிடம் இதை மட்டும் நினைவூட்டுங்கள்.

வாட் சோதோனில் தாமரை மொட்டும் மல்லிகைச் சரமும் வாசலிலேயே கிடைக்கும். பிள்ளையாருக்கு இங்கே சாமந்தி மாலை, வாழைப்பழம், கரும்பு, இளநீர் வைக்கிறார்கள். அறுகம்புல் அங்கே விற்று நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை மாலை சீலோம் மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கொழுக்கட்டை படைக்க அம்மா ஆசைப்பட்டால் சனி இரவு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். என் வீட்டு அடுப்பு இருக்கிறது, தேங்காயும் வெல்லமும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஹுவா லம்போங் மெட்ரோ வாசலில் டப்பாவைக் கொடுத்துவிடுகிறேன்.